ஆல்ஜினேட் (கடல்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) மணியில் புரதம் ஏற்றி, அது கசியும் வேகத்தை அளப்பது எப்படி?

எலும்பு வளரத் தூண்டும் பிஎம்பி-2 என்ற வளர்ச்சிக் காரணியைக் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து, இடுப்புப் பகுதி முதுகெலும்பில் பொருத்த 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. அனுமதி இல்லாத கழுத்துப் பகுதியில் வைத்தபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. 2008-ல் எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. அதனால் இப்படிப் புரதம் ஏற்றிய சாரம் (திசு வளரத் தாங்கும் சட்டகம்) ஒன்றைச் செய்கிறவர், அதிலிருந்து எவ்வளவு புரதம் எப்போது வெளியேறுகிறது என்று அளக்கத் தெரிந்திருக்கவே வேண்டும்.

வளர்ச்சிக் காரணிகள் விலை அதிகம். பழக, முட்டை வெள்ளையில் உள்ள லைசோசைம் என்ற புரதம் போதும். பலர் மாட்டு ரத்தப் புரதமான பிஎஸ்ஏ எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆல்ஜினேட், பிஎஸ்ஏ இரண்டுக்கும் எதிர்மின்சுமை, ஒன்றோடொன்று ஒட்டாது. எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணியைப் போலவே லைசோசைமும் சிறியது, நேர்மின்சுமை உள்ளது.

1. 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 0.9 கிராம் உப்பைக் கரையுங்கள். கலக்கிக்கொண்டே 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். ஓர் இரவு விட்டால் குமிழிகளும் அடங்கும்.

2. மி.லி.க்கு 1 மி.கி. லைசோசைம் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். புரதம் இல்லாத கரைசல் கொஞ்சம் தனியே இருக்கட்டும்; ஒப்பிட அதிலும் வெறும் மணிகள் செய்ய வேண்டும்.

3. 1.47 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டை 100 மி.லி. நீரில் கரைத்து, அதில் ஆல்ஜினேட் கரைசலைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊசி நீருக்கு மிக அருகில் இருந்தால் மணிக்கு வால் முளைக்கும். மிக உயரத்தில் இருந்தால் தட்டையாகிவிடும். பத்து நிமிடம் ஊறட்டும். அந்த நீரைக் கொட்டாதீர்கள். ஏற்றும்போதே கசிந்த புரதம் அதில்தான் இருக்கிறது.

4. மணிகளை 37 டிகிரியில், பிஎச் 7.4 உள்ள டிரிஸ் (பிஎச் மாறாமல் காக்கும் பஃபர்) உப்புக் கரைசலில் போடுங்கள். அதில் 2 மில்லிமோலார் கால்சியம் இருக்கட்டும். பாஸ்பேட் பஃபர் மட்டும் வேண்டாம்: பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், மணி உப்பிக் கரைந்துபோகும். அப்புறம் நீங்கள் அளப்பது கசிவை அல்ல, மணி உடைவதை.

5. 1, 2, 4, 8, 24 மணி நேரங்களில் 1 மி.லி. எடுத்து, அதே அளவு புதுக் கரைசலை ஊற்றுங்கள். 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, வெறும் மணிகளின் அளவைக் கழியுங்கள். முன்பு எடுத்த ஒவ்வொரு மி.லி.யிலும் இருந்த புரதத்தையும் கூட்டிய பிறகே வரைபடம் போடுங்கள்.