தொட்டிச் செடியை மலர்க்காட்சிப் போட்டிக்குத் தயார்செய்வது எப்படி?

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் செடி வளர்ப்பவர்களில் பலர், போட்டி என்றதும் அது பெரிய தோட்டமும் அரிய செடிகளும் வைத்திருப்பவர்களுக்கானது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தொட்டிச் செடிப் பிரிவில் நடுவர்கள் முதன்மையாகப் பார்ப்பது, செடி எவ்வளவு நலமாகவும் சீராகவும் வளர்க்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான். அடர்ந்து செழித்த ஒரு துளசி, இலைநுனி கருகிய விலையுயர்ந்த அந்தூரியத்தை வென்றுவிடக்கூடும். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, குடியிருப்புப் பேட்டைகளில் சமூகத் தோட்டங்கள் பெருகிவிட்டன. உங்கள் வட்டாரத் தோட்டத்தில் உள்ளவர்களிடமோ சமூக மன்றத்திலோ விசாரித்தால், அடுத்து எங்கே காட்சி நடக்கிறது என்பது தெரியவரும்.

முதல் படி: விதிகளை வரிவிடாமல் படித்தல்

செடியைத் தொடுவதற்கு முன் போட்டி விதிகளை வாங்கிப் படியுங்கள். பூச்செடி, இலையழகுச் செடி, கள்ளி வகை, ஆர்க்கிட் எனப் பிரிவுகள் இருக்கும். தொட்டியின் விட்டத்துக்கு உச்ச வரம்பு இருக்கும். ஒரு தொட்டியில் ஒரு செடிதான் இருக்கலாமா, பலவற்றைச் சேர்த்து நடலாமா என்பதும் குறிப்பிடப்பட்டிருக்கும். விதிக்குப் பொருந்தாத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பீட்டிலிருந்து விலக்கப்படும். செடி குறைந்தது இரண்டு அல்லது மூன்று மாதமாவது போட்டியாளரின் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும் என்ற விதியும் பல காட்சிகளில் உண்டு. முந்தின வாரம் நாற்றுப் பண்ணையில் வாங்கிய செடியைத் தம்முடையதாகக் கொண்டுவந்து வைப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அதைப் போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் படி: உங்கள் வெளிச்சத்துக்கு ஏற்ற செடி

போகன்வில்லியாவுக்கும் அடேனியத்துக்கும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். வெயில் நேராக விழாத தாழ்வாரத்தில் அவற்றை வைத்துப் போராடுவதைவிட, அக்லோனிமா, பெரணி, மருள் போன்றவற்றை இலையழகுப் பிரிவுக்கு வளர்ப்பது நல்லது. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகைதான் வடக்கே இருக்கிறோம் என்பதால், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் வானில் வடபுறமாகவும், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தென்புறமாகவும் நகர்கிறது. வடக்கு நோக்கிய தாழ்வாரத்தில் ஜூனில் வெயில் காய்ந்த செடி, டிசம்பரில் நிழலில் நிற்கும். காட்சி நடக்கும் மாதத்தில் உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்பதைப் பார்த்துவிட்டு, அதற்கேற்பச் செடியை முடிவுசெய்யுங்கள்.

மூன்றாம் படி: வடிவம்

தாழ்வாரச் செடிகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வருவதால் தண்டு வெளிப்புறமாகச் சாய்ந்து, சுவரை ஒட்டிய பக்கம் மொட்டையாகிவிடும். வீட்டில் நாம் அதை ஒரே கோணத்தில் பார்த்துப் பழகியிருப்போம். நடுவரோ மேசையைச் சுற்றிவந்து பார்ப்பார். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியை ஒரே திசையில் கால் வட்டம் திருப்புங்கள். எந்தப் பக்கம் திருப்பினோம் என்பது மறந்துபோகாமலிருக்கத் தொட்டியின் விளிம்பில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவைத்தால் போதும்.

திருப்புவதுடன் நுனி கிள்ளுவதும் நடக்க வேண்டும். துளசி, கோலியஸ், செம்பருத்தி போன்றவற்றில் வளரும் நுனியை ஒரு கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால், அந்தக் கணுவின் இலையிடுக்குகளிலிருந்து பக்கக் கிளைகள் புறப்படும். செடியைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்து, எந்தப் பக்கம் அடர்த்தி குறைவோ அந்தப் பக்கத்தை நோக்கியிருக்கும் மொட்டுக்கு மேலே வெட்டுங்கள். புதுக் கிளை அந்தத் திசையிலேயே வளர்ந்து வெற்றிடத்தை நிரப்பும். கோலியஸை இலையழகுப் பிரிவில் வைப்பதானால், பூக்கதிர் தலைகாட்டியதுமே கிள்ளிவிடுங்கள்.

இடவசதிக்கும் விதி உண்டு. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையின்றி இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைப்பது கீழே நடப்பவரின் உயிருக்கே ஆபத்து.

நான்காம் படி: காட்சி நாளில் பூக்கவைத்தல்

இங்கே குளிர்காலம் இல்லாததால், பூக்கும் காலத்தைக் கத்தரிப்பாலும் நீராலும் நாமே ஓரளவு நிர்ணயிக்கலாம். போகன்வில்லியா புதுத் தளிரில்தான் பூக்கும். காட்சிக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் கத்தரித்து, தளிர் சற்று முற்றியதும் நீரைக் குறைத்து, இலை லேசாகத் துவளும்போது மட்டும் ஊற்றினால் நிறம் பிடிக்கத் தொடங்கும். அடைமழைக் காலத்தில் இந்த உத்தி பலிக்க வேண்டுமானால், தொட்டியை மழை படாத, ஆனால் வெயில் விழுகிற இடத்தில் வைக்க வேண்டும். அடேனியத்துக்கு இது இன்னும் முக்கியம். மண் நாள்கணக்கில் ஈரமாக இருந்தால் அதன் பருத்த அடித்தண்டு அழுகிவிடும். ஒவ்வொரு செடியின் வேகமும் வேறு என்பதால், முடிந்தால் ஒரே வகையில் இரண்டு தொட்டிகளை ஒரு வார இடைவெளியில் கத்தரித்துவைத்து, காட்சி நாளில் சரியாகப் பூத்திருப்பதை எடுத்துச்செல்லுங்கள்.

ஐந்தாம் படி: பூச்சியும் தேங்கிய நீரும்

மாவுப்பூச்சி இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருக்கும். சிலந்திப்பேன் இலையின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சுவதால், மேற்புறத்தில் ஊசி குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகள் தோன்றும். சோப்பு கலந்த வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். இலையில் கறை தங்காமலிருக்க, காட்சிக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும் என்பதால், தொட்டித் தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். இறுகிப்போன மேல்மண்ணையும் அவ்வப்போது கிளறிவிடுங்கள்.

ஆறாம் படி: கடைசி வாரம்

பெரிய இலைகளை ஒரு கையால் அடியில் தாங்கிக்கொண்டு, ஈரத்துணியால் காம்பிலிருந்து நுனி நோக்கித் துடையுங்கள். எண்ணெயோ பளபளப்புத் தெளிப்பானோ வேண்டாம். செயற்கை மினுமினுப்பை நடுவர்கள் விரும்புவதில்லை. ஆப்பிரிக்க வயலட் போன்ற மயிரிலைச் செடிகளுக்கு மென்மையான தூரிகை மட்டுமே உகந்தது. நுனி பழுப்பான இலையைக் குறுக்காக வெட்டினால் கத்தரித்தது பளிச்சென்று தெரியும். கூரிய கத்தரியால், இலையின் இயல்பான கூர்வடிவத்தை ஒட்டியே வெட்டுங்கள். வாடிய பூ, காய்ந்த காம்பு, மண்மேல் கிடக்கும் சருகு யாவற்றையும் அகற்றுங்கள். தொட்டியின் வெளிப்புறத்தில் படிந்த வெண்ணிற உப்பு, நீர் கலந்த வினிகரால் தேய்த்தால் போய்விடும். விலை ஒட்டுத்தாளையும் மறக்காமல் உரித்துவிடுங்கள்.

ஏழாம் படி: கொண்டுசெல்லுதல்

முந்தின நாளே நீரூற்றி வடியவிடுங்கள். தொட்டியை அட்டைப்பெட்டியில் நிறுத்தி, இடைவெளியில் கசக்கிய செய்தித்தாளைத் திணித்தால் டாக்சியில் ஆடாது. பெயர்ச்சீட்டில் தாவரவியல் பெயரைப் பிழையின்றி எழுதுங்கள். ரகத்தின் பெயர் தெரிந்தால் அதை ஒற்றை மேற்கோள் குறிக்குள் இடுவது வழக்கம். மேசையில் வைத்ததும் செடியின் மிகச் சிறந்த பக்கத்தை முன்னோக்கித் திருப்பிவிட்டு, ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள்.

முடிவு வந்தபின் நடுவர்கள் குறிப்பு எழுதியிருந்தால் அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தொட்டியிலிருந்து பூச்சி தொற்றியிருக்கக்கூடும் என்பதால், வீடு திரும்பிய செடியை மற்றவற்றுடன் உடனே சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வைத்து, இலைகளின் அடிப்பகுதியைப் பார்த்துவாருங்கள்.