ஸ்கேன் வரும்வரை முழங்காலைச் சமாளித்தேன்

தூங்கி எழுந்தபோது வலது முழங்கால் உப்பிக் கிடந்தது. முட்டிச்சில்லின் இரு பக்கமும் இருக்கும் குழிகளையே காணோம். எம்ஆர்ஐ எடுக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

சுகமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினேன். அதுதான் தப்பு. நான்காம் நாள் காலை முழுதாக நீட்டவே முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொன்னார். முழங்கால் நேராகவும் இருக்கும், நெஞ்சைவிட உயரமாகவும் இருக்கும். அப்புறம், தொடையை இறுக்கி 5 நொடி பிடித்து விடுவது, 10 முறை. மூட்டில் நீர் கோத்தால் தொடைத் தசை சரியாக வேலை செய்யாதாம், நடக்கும்போது கால் சட்டென்று மடங்குவது அதனால்தானாம். காரணம் தெரிந்ததுமே பாதி பயம் போய்விட்டது.

ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைப்பேன். கைத்தடி இடது கையில், அதாவது வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கம். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க வலிக்கும் கால் முதலில்.

காய்ச்சலோடு முழங்கால் சிவந்து சுட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தினமும் இரவில் முட்டியைச் சுற்றி டேப் வைத்து அளந்து எழுதினேன். இரண்டாம் வாரக் கடைசியில் 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. ஒரு குழி லேசாகத் தெரிந்தது.