சார்த்ரின் ‘இருப்பும் இன்மையும்’: ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் வழுக்கும் இடங்கள்

பிரெஞ்சுத் தத்துவவாதி ழான்-பால் சார்த்ரின் இந்தத் தத்துவ நூல் (Being and Nothingness) 1943இல் பாரிஸின் கலிமார் பதிப்பகத்திலிருந்து 722 பக்கங்களில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் இரண்டு முழு மொழிபெயர்ப்புகள் உண்டு: ஹேஸல் பார்ன்ஸ் செய்தது 1956இல், சாரா ரிச்மண்ட் செய்தது 2018இல். இரண்டிலுமே வாசகரை ஏமாற்றுவது கடினமான சொற்கள் அல்ல. எளிதாகத் தெரியும் சொற்கள்தான் ஏமாற்றுகின்றன. அகராதி தேவைப்படும் சொல்லில் நின்று யோசிக்கிறோம். தெரிந்த சொல்லை அப்படியே தாண்டிப் போய்விடுகிறோம்.

அதற்கும் முன்னால் ஒரு தவறு இருக்கிறது: முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது. முன்னுரையின் ஆறு பகுதிகளும் ஹுஸ்ஸெர்ல், ஹைடெக்கர், பெர்க்லி ஆகிய தத்துவவாதிகளோடு நடக்கும் நீண்ட வழக்கு. எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்று தெரியாதவருக்கு அங்கே எதுவும் பிடிபடாது. பலர் புத்தகத்தை மூடுவதும் அங்கேதான். முதல் பாகம், முதல் அத்தியாயத்தின் இரண்டாம் பகுதியில் தொடங்குங்கள். அடுத்து அதே பாகத்தின் இரண்டாம் அத்தியாயம் முழுவதும். பிறகு மூன்றாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் ‘பார்வை’ பற்றிய நான்காம் பகுதி. அதன்பின் நான்காம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் சூழ்நிலை பற்றிய இரண்டாம் பகுதி. இவற்றை முடித்துவிட்டு முன்னுரைக்குத் திரும்பினால் வழக்கு எதைப் பற்றியது என்று புரியும்.

‘இன்மை’ என்றதும் வெற்றிடம், சூனியம், வாழ்க்கையில் பிடிப்பில்லாமை என்றெல்லாம் எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. சார்த்ர் காட்டும் உதாரணம் மிகச் சாதாரணமானது. நான்கு மணிக்கு பியேரைச் சந்திக்க வேண்டும், கால் மணி நேரம் தாமதமாகக் காபிக் கடைக்குள் நுழைகிறேன், பியேர் இல்லை. கடை நிறைய ஆட்கள், கண்ணாடிகள், புகை, பேச்சு. ஆனால் பியேரைத் தேடும் கண்ணுக்கு அவை எல்லாம் பின்னணியாகக் கரைந்துவிடுகின்றன. வெலிங்டன் பிரபுவும் அந்தக் கடையில் இல்லைதான். அந்த இல்லாமை வெறும் சிந்தனை விளையாட்டு. பியேரின் இல்லாமையோ கண்முன் நடக்கும் நிகழ்வு, ஏனென்றால் அவரை எதிர்பார்த்து வந்தேன். இப்படிப் பின்னணியாக்கி விலக்கும் செயலுக்குத்தான் பார்ன்ஸ் ‘நிஹிலேட்’ (nihilate) என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். அதை ‘அனைஹிலேட்’ (annihilate, அழித்தல்) என்று வாசித்தால் உணர்வு, அதாவது பிரக்ஞை, பொருள்களை அழிப்பதாக ஆகிவிடும். அது எதையும் அழிப்பதில்லை. பார்ன்ஸ் பதிப்பின் கடைசியில் கலைச்சொல் விளக்கம் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்காமல் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

மிகுந்த குழப்பம் ‘பேட் ஃபெய்த்’ (bad faith) என்ற சொல்லில். சட்ட ஆங்கிலத்தில் இதற்குத் தீய நோக்கம், வஞ்சகம் என்று பொருள். சார்த்ரிடம் அப்படி இல்லை. பொய் சொல்பவனுக்கு உண்மை தெரியும், கேட்பவனுக்குத் தெரியாது, ஆள் இருவர். இங்கே ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் ஒருவரே, அதுவும் ஒரே நேரத்தில். அது எப்படிச் சாத்தியம் என்பதே முதல் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தின் கேள்வி. சார்த்ரின் உதாரணம் இது: ஒரு பெண்ணின் கையை ஆண் ஒருவன் பற்றுகிறான். அந்தப் பெண் கையை இழுக்கவும் இல்லை, இசையவும் இல்லை, யாருடைய கையோ என்பதுபோல் அங்கேயே விட்டுவிட்டு உயர்ந்த விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கிறாள். மனிதருக்கு இரண்டு முகம்: ஏற்கெனவே அமைந்துவிட்ட நிலை ஒன்று, அதைத் தாண்டிப் போகும் ஆற்றல் மற்றொன்று. ஒன்றை மறைக்க மற்றொன்றைத் திரையாக்குவதுதான் இந்தத் தன்னேமாற்று.

காபிக் கடைப் பரிமாறுபவர் பற்றிய பக்கமும் இதே அத்தியாயத்தில்தான். பொய்முகம் போட்ட மனிதருக்கு உதாரணமாக அவரை எங்கும் இழுக்கிறார்கள், ஆனால் அந்த வாதம் வேறு திசையில் போகிறது. மைக்கூடு மைக்கூடாக இருப்பதுபோல் ஒருவர் பரிமாறுபவராக இருக்க முடியாது; நடித்துத்தான் தீர வேண்டும், வாடிக்கையாளரும் அதைத்தான் கேட்கிறார். ‘நீ எதுவோ அதுவாகவே இரு’ என்ற நேர்மை உபதேசமும் இதனால் ஆட்டம் காண்கிறது. அந்தப் பகுதியைப் பரிமாறுபவரோடு நிறுத்திவிடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

சுதந்திரம் பற்றிய பகுதியை ‘நினைத்ததையெல்லாம் செய்யலாம்’ என்று வாசிப்பவர்களும் உண்டு. கைதிக்குச் சிறையைவிட்டு வெளியேறும் சுதந்திரம் இருக்கிறது என்று சார்த்ர் சொல்லவே இல்லை. தப்பிக்க முயலும் சுதந்திரம் இருக்கிறது என்கிறார். பாறை ஏற முடியாததாக இருப்பது ஏற நினைத்தவருக்கு மட்டும்தான். வேடிக்கை பார்ப்பவருக்கு அது அழகான பாறை அல்லது அழகற்ற பாறை. தடை என்பதே நம் நோக்கத்தின் வெளிச்சத்தில்தான் தடையாகத் தெரிகிறது.

மூன்றாம் பாகத்தைப் படித்துவிட்டு, எல்லா உறவும் மோதல்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மற்றவர்களோடான உறவுகள் பற்றிய அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது: விடுதலைக்கான ஓர் அறவியலை இவை விலக்கிவிடவில்லை, ஆனால் அதற்கு அடிப்படையான மனமாற்றம் தேவை, அதை இங்கே பேச முடியாது என்று. இந்த நூலில் அடிக்குறிப்பைத் தாண்டினால் வாதத்தின் எல்லையே மாறிப்போகும்.

‘மனிதன் ஒரு பயனற்ற passion’ என்ற நான்காம் பாகத்தின் கடைசி வரியில் அந்தச் சொல்லை வேட்கை, மோகம் என்று புரிந்துகொண்டு விரக்தி வசனமாகப் பரப்புகிறார்கள். அதற்குச் சற்று முன்னால் கிறிஸ்து வருகிறார். கடவுள் பிறக்க வேண்டும் என்று மனிதன் தன்னை இழக்கிறான். அது கிறிஸ்துவின் பாடுகளுக்கு (சிலுவைத் துன்பங்களுக்கு; அதற்கும் passion என்றே பெயர்) நேர் எதிர் என்கிறார் சார்த்ர். ஆங்கில வாசகருக்கு நழுவிப்போகும் இந்த இணைப்பு, ‘பாடுகளின் ஞாயிறு’ என்று கேட்டு வளர்ந்த தமிழருக்கு எளிதில் பிடிபடும். ‘பயனற்ற பாடு’ என்று வாசித்துப் பாருங்கள். துன்பமும் உழைப்பும் அந்த ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

‘நரகம் என்பது மற்றவர்கள்தான்’ என்ற வரியை இந்த நூலில் தேடாதீர்கள். அது 1944இல் மேடையேறிய அவருடைய நாடகத்தில் வருவது. பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது நான்கு பாகங்களும் முடிவுரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள், சுருக்கப் பதிப்பும் புழக்கத்தில் உண்டு. மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணோடு பாகம், அத்தியாயம், பகுதி மூன்றையும் குறிப்பிடுங்கள். பார்ன்ஸ் மொழிபெயர்ப்பே பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். 2018க்கு முந்தைய ஆங்கிலக் கட்டுரைகள் பெரும்பாலும் பார்ன்ஸின் சொற்களையே எடுத்தாள்வதால், அவற்றோடு ஒப்பிட்டுப் படிப்பவர் ரிச்மண்டை வைத்திருந்தாலும் பார்ன்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.