கச்சேரி ஒலிப்பதிவு பென்டிரைவில் தொலையாமல் இருக்க

மங்களம் பாடி முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, நன்றியுரைக்கு ஒருவர் மேடையேறும் அந்த இரண்டு நிமிடங்கள்தாம் பென்டிரைவில் செய்யும் கச்சேரிப் பதிவுக்கு மிகவும் ஆபத்தானவை. இரண்டரை மணி நேரம் ஒழுங்காக ஓடிய பதிவை நாம் நிறுத்துவதற்கு முன்பே யாராவது மேடைக்குச் செல்லும் மின்சாரத்தை அணைத்துவிடுவார். அல்லது பாடகரின் சீடர் ஒருவர் ஆர்வ மிகுதியால் பென்டிரைவை உருவி எடுத்துவிடுவார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சபாவில் எனக்கு நேர்ந்தது முதல் வகை. வீட்டுக்கு வந்து கணினியில் செருகிப் பார்த்தபோது கோப்பின் பெயர் இருந்தது. அளவு மட்டும் 0 பைட் என்று காட்டியது.

அப்படி நேர்வதற்குக் காரணம் உண்டு. மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் மிக்ஸர், தன்னில் செருகிய பென்டிரைவில் பதிவு செய்யும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒலித்தரவு வரவர எழுதப்படுவது ஒன்று. அந்தத் தரவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளமானது என்ற குறிப்பைக் கோப்புப் பட்டியலிலும், வேவ் என்னும் ஒலிக்கோப்பின் தலைப்பகுதியிலும் எழுதுவது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையைப் பல கருவிகள் நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகே செய்து முடிக்கின்றன. அதற்குள் மின்சாரம் போனால், மூட்டைகள் எல்லாம் கிடங்கில் இறங்கியும் பேரேட்டில் வரவு வைக்கப்படாத நிலைதான். ஆகவே பதிவைக் காப்பது என்பது பெரும்பாலும் கோப்பு முறையாக மூடப்படுவதை உறுதி செய்வதேயாகும். மற்ற முன்னேற்பாடுகள் அனைத்தும் அதைச் சுற்றியே அமைகின்றன.

முதலில் பென்டிரைவைப் பற்றி. கச்சேரிப் பதிவுக்கென்றே ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். திரைப்படமும் திருமண ஆல்பமும் அலுவலகக் கோப்புகளும் எழுதி அழித்து எழுதிய பென்டிரைவை மிக்ஸரில் செருகக் கூடாது. ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய தரவின் மேல் நேரடியாகப் புதியதை எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை முழுவதும் அழித்த பிறகே அங்கே மீண்டும் எழுத முடியும். நிறைந்தும் சிதறியும் கிடக்கும் டிரைவில் இந்த அழிக்கும் வேலை நடுநடுவே குறுக்கிடுவதால், எழுதுவது திடீரெனத் தடைப்பட்டு நின்று பிறகு தொடரும். கணினியில் கோப்பை நகலெடுக்கும்போது இது நமக்குத் தெரிவதேயில்லை, ஏனெனில் கணினி காத்திருக்கும். பாடகர் காத்திருக்க மாட்டார். மிக்ஸரின் பஃபர் என்னும் தற்காலிக நினைவகம் தாங்கக்கூடிய நேரத்தைவிடத் தடை நீண்டால், அந்த இடத்தில் ஒலி அறுபடும், அல்லது மிக்ஸர் பதிவையே நிறுத்திவிடும்.

இதனால்தான் உறையில் அச்சிட்டிருக்கும் வேகத்தை நம்பி வாங்குவதில் பயனில்லை. பெரும்பாலும் அது படிக்கும் வேகம். நமக்கு வேண்டியதோ, குறைந்த வேகமானாலும் இடைவிடாமல் எழுதும் தன்மை. கணக்கைப் பாருங்கள்: 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 முறை ஒலியை அளப்பது), 16 பிட் (ஒவ்வோர் அளவையும் குறிக்கும் நுணுக்கம்), இரண்டு தடம் (இடம், வலம்) என்ற அளவில் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட், மணிக்கு 635 மெகாபைட் மட்டுமே ஆகும். பெரிங்கர் எக்ஸ்32 மிக்ஸரின் யூஎஸ்பி பதிவு இந்த இரண்டு தட வகையைச் சேர்ந்தது. எந்த நல்ல பென்டிரைவும் இதைத் தாங்கும். ஆனால் ஆலன் அண்ட் ஹீத் நிறுவனத்தின் கியூ வரிசை மிக்ஸரில் 18 தடங்களை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒரே நேரத்தில் எழுதலாம். அது நொடிக்கு 2.6 மெகாபைட், மணிக்கு 9.3 ஜிபி. 2.6 மெகாபைட் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆயினும் 18 கோப்புகளுக்கு மாறிமாறிச் சிறுசிறு துண்டுகளாக எழுதுவது மலிவான பென்டிரைவைத் திணற வைத்துவிடும். பல தடப் பதிவு செய்பவர்கள் பென்டிரைவை விட்டுவிட்டு, யூஎஸ்பி வழியே இணையும் எஸ்எஸ்டி டிரைவுக்கு மாறிவிடுவதே என் பரிந்துரை.

போலிச் சரக்கும் உண்டு. 16 ஜிபி நினைவகத்தை 128 ஜிபி என்று கணினியை நம்பவைக்கும் பென்டிரைவுகள் சந்தையில் கிடைக்கின்றன. உண்மைக் கொள்ளளவு நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். வாங்கியவுடன் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச நிரல்களால் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

ஃபார்மட் செய்வதை, வசதி இருந்தால், மிக்ஸரிலேயே செய்ய வேண்டும். கியூ வரிசையில் இது கட்டாயம். கணினியில் செய்வதானால் மிக்ஸர் எந்த வகையை, அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கும் எந்த முறையை, ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பல மிக்ஸர்கள் எஃப்ஏடி32 மட்டுமே ஏற்கும். விண்டோஸின் ஃபார்மட் சாளரமோ நீண்ட காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுகளுக்கு அந்தத் தெரிவைத் தராமல் எக்ஸ்ஃபேட் வகையையே முன்வைத்து வந்திருக்கிறது. 64 ஜிபி பென்டிரைவைப் புத்தம் புதிதாக வாங்கிச் சென்றும் மிக்ஸர் அதைக் கண்டுகொள்ளாததற்கு இதுவே வழக்கமான காரணம். இரண்டு தடப் பதிவுக்கு 16 அல்லது 32 ஜிபி தாராளமாகப் போதும் என்பதால் பெரியதை வாங்க வேண்டிய தேவையே இல்லை. மேக் கணினியில் ஃபார்மட் செய்பவர்கள் டிரைவைப் பகுக்கும் முறையாக மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எஃப்ஏடி32 வகையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஒரு கச்சேரிக்கு இது பொருட்டில்லை, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் பதிவு அந்த எல்லையைத் தொட ஆறே முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் காலை முதல் இரவு வரை தொடரும் ஆராதனை விழாவில் பதிவை ஓடவிட்டுச் சாப்பிடப் போனால் சிக்கல்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் நான்கு மணி எட்டு நிமிடத்திலேயே எல்லை வந்துவிடும். கோப்பைத் தானாகப் பிரித்து எழுதும் வசதி இல்லாத கருவியில் ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிய கோப்பைத் தொடங்குங்கள். நான் ஒரே கச்சேரியையும் இரண்டாக்கிவிடுவது வழக்கம்: தனி ஆவர்த்தனம் முடிந்து, பிரதான உருப்படி நிறைவுற்று, கைதட்டல் எழும்போது நிறுத்தி, துக்கடாக்கள் என்னும் சிறு உருப்படிகளுக்கு மறுபடி தொடங்குவேன். பிறகு என்ன நேர்ந்தாலும் அதுவரை பாடியது பத்திரமாக இருக்கும். இதை ஆலாபனைக்கு முன் செய்யத் துணிய வேண்டாம். சில பாடகர்கள் முந்தைய உருப்படியின் கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த ராகத்தின் முதல் சங்கதியைத் தொடங்கிவிடுவார்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடிகள் பார்வையாளருக்கு ஒரு கண்சிமிட்டல்; மிக்ஸருக்கோ அது முழு மறுதொடக்கம், மூடப்படாத ஒரு கோப்பு. கணினிக்கு வைக்கும் சாதாரண யூபிஎஸ் ஒன்றில் மிக்ஸரை மட்டும் இணைத்துவிட்டால் இது தீரும். ஆம்பிளிஃபயர்களை அதில் சேர்க்கக் கூடாது. அந்த யூபிஎஸ்ஸின் மின்கலம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைக் கச்சேரிக்கு முன் சுவர் சுவிட்சை அணைத்துப் பார்த்தே அறிய வேண்டும்.

எத்தனை கவனமாக இருந்தாலும் இரண்டாவது பதிவு ஒன்று வேண்டும், அது முதலாவதோடு எதையும் பங்கிடாததாக இருக்க வேண்டும். மிக்ஸரின் ஒரு தனி வெளியீட்டிலிருந்து ஜூம் எச்4என் போன்ற கையடக்கக் கருவிக்கு ஒலியைக் கொடுத்தால், அது மின்கலத்திலும் எஸ்டி அட்டையிலும் இயங்கும் என்பதால் மின்வெட்டோ பென்டிரைவோ அதைத் தொடாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்தக் கருவியில் பதிவுப் பொத்தானின் முதல் அழுத்தல் ஆயத்த நிலைக்கு மட்டுமே; இரண்டாவது அழுத்தலில்தான் பதிவு தொடங்கும். விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் எதுவும் பதியவில்லை என்று பொருள்.

கலைஞர்கள் சுருதி சேர்க்கும் நேரத்தில் அரை நிமிடம் பதிந்து, நிறுத்தி, மிக்ஸரிலேயே ஓடவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். பதிவுக்கான மூலம் தவறாக அமைந்திருந்தால், கடிகாரம் நகரும், கோப்பும் வளரும், உள்ளே மட்டும் நிசப்தம் இருக்கும். புதிய பென்டிரைவானால் அரை நிமிடச் சோதனை போதாது. வீட்டிலோ வெற்று அரங்கிலோ மூன்று மணி நேரம் தொடர்ந்து பதிய விட்டுப் பார்த்த பிறகே அதைக் கச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கச்சேரி முடிந்ததும் நிறுத்துங்கள். பென்டிரைவின் பயன்பாட்டைக் காட்டும் விளக்கு முற்றிலும் அணையும் வரை கைவைக்காதீர்கள். பிறகு கடைசி நிமிடத்தை ஓடவிட்டு மங்களம் கேட்கிறதா என்று பாருங்கள். மேடை மின்சாரத்துக்குப் பொறுப்பானவரிடம், "அண்ணா, நான் கையைக் காட்டுகிற வரைக்கும் எதையும் ஆஃப் பண்ணாதீங்க" என்று தொடக்கத்திலேயே சொல்லிவைப்பது எந்த யூபிஎஸ்ஸுக்கும் குறைந்ததல்ல. மடிக்கணினியில் நகலெடுத்த பின் அளவையும் ஒப்பிடுங்கள்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் 150 நிமிடக் கச்சேரி விண்டோஸில் ஏறத்தாழ 1.47 ஜிபி என்று காட்ட வேண்டும். வேறொரு வட்டிலும் ஒரு நகல் சேரும் வரை பென்டிரைவை அழிக்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் 0 பைட் கோப்பு வந்துவிட்டால், அந்தப் பென்டிரைவில் எதையும் எழுதாதீர்கள். பிழைகளைச் சரிசெய்யலாமா என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். முதலில் லினக்ஸின் டிடி போன்ற கருவியால் முழு டிரைவையும் அச்சு அசலாக ஒரே பிம்பக் கோப்பாக நகலெடுத்து, மீட்பு வேலையை அந்த நகலில் மட்டும் செய்யுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல் சில வேளைகளில் வேவ் கோப்பை அப்படியே எடுத்துத் தரும். தராவிட்டால், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு நிரலில் கச்சாத் தரவாக இறக்குமதி செய்யும் வசதியைப் பயன்படுத்தி, பிம்பக் கோப்பையே திறக்கலாம். புதிதாக ஃபார்மட் செய்த பென்டிரைவில் இரண்டு தடப் பதிவு பெரும்பாலும் ஒரே தொடர்ச்சியாகக் கிடப்பதால் இது பலிக்கும். 18 கோப்புகள் துண்டுதுண்டாகப் பின்னிக் கிடக்கும் பல தடப் பதிவில் இதை எதிர்பார்க்க முடியாது. 16 பிட், லிட்டில் எண்டியன் (பைட்டுகளை அடுக்கும் வரிசை), இரண்டு தடம் என்று அமைத்துத் திறந்தபின் இரைச்சல் மட்டுமே கேட்டால், தொடக்க இடத்தை ஒரு பைட் தள்ளிப் பாருங்கள். பாட்டு கேட்டும் பாடகரின் சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை இறங்கி, காலப்பிரமாணமும் தளர்ந்து ஒலித்தால், பதிவு 48 கிலோஹெர்ட்ஸில் ஆகியிருக்கிறது, நீங்கள் 44.1 என்று திறந்திருக்கிறீர்கள். எண்ணை மாற்றி மறுபடியும் திறந்தால் சரியாகிவிடும்.