கடைவீட்டு மாடியில் ஒரு கல்லூரி: பணம் கட்டுவதற்கு முன்

மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதி முழுக்கத் துணிப் பதாகைகள் முளைத்துவிடும். ‘மடிக்கணினி இலவசம். வேலை உறுதி. இன்றே கடைசி நாள்.’ கீழே ஒரு கைத்தொலைபேசி எண் இருக்கும். கல்லூரியின் பதிவு எண்ணைத் தேடிப் பார்த்தால், இருக்காது.

பள்ளி அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விண்ணப்பப் பாரம் நிரப்பித் தரச் சொல்லி அக்கம்பக்கத்தார் இன்றும் வருகிறார்கள். வருத்தம் என்னவென்றால், பலரும் முன்பணத்தைக் கட்டிய பிறகுதான் வருகிறார்கள்.

முதல் தவறு, ஆளைப் பார்த்துப் படிப்பை நம்புவது. நம் ஊரில் கல்லூரி முகவர் முகம் தெரியாதவர் அல்லர். மாரியம்மன் திருவிழா அன்னதானத்தில் நமக்குச் சோறு பரிமாறியவர். வீட்டுக்கு வந்து, “அக்கா, நம் பிள்ளைக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்” என்பார். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு உண்டு. அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். விற்கிற சரக்கு இன்னதென்று பல நேரம் அவருக்கே தெரியாது. “தம்பி, இந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. எண் என்ன?” என்று, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். கேட்டுச் சொல்கிறேன் என்பார்.

‘அங்கீகாரம் பெற்ற கல்லூரி’ என்ற சொல்லோடு திருப்தி அடைவது அடுத்த தவறு. எல்லாவற்றிலும் பெரியது இதுதான். 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டப்படி கல்லூரி பதிவு பெறுவது ஒன்று; அது நடத்தும் ஒவ்வொரு படிப்பும் தகுதி அங்கீகாரம் பெறுவது வேறொன்று. பின்னதைக் கவனிப்பதற்காக 2007இல் அமைக்கப்பட்டது எம்.கியூ.ஏ. அதன் மலேசியத் தகுதிப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கும்போது படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, அது சான்றிதழா டிப்ளமோவா, எந்த முகவரியில் நடத்தப்படுகிறது என்ற மூன்றையும் பாருங்கள்.

மூன்றாவதான முகவரியில்தான் என் தங்கை மகள் மாட்டிக்கொண்டாள். பாலர் கல்வி டிப்ளமோ. பெயர் பதிவேட்டில் இருந்தது, எண்ணும் இருந்தது. ஆனால் முகவரி கோலாலம்பூரில் ஒரு கட்டடம். இவள் சேரவிருந்ததோ ஈப்போவில், சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த கிளை. அந்தக் கிளையின் பெயரில் ஒன்றுமே இல்லை. கேட்டதற்கு, “எல்லாம் ஒரே கல்லூரிதானே ஐயா” என்று முகப்பில் இருந்த பெண் சிரித்தாள். ஒரே கல்லூரிதான்; அங்கீகாரம்தான் இந்த மாடிப்படி ஏறி வரவில்லை.

எண்ணில் உள்ள எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். ‘பி.ஏ.’ என்றிருந்தால் தற்காலிகம், ‘எஃப்.ஏ.’ என்றிருந்தால் முழு அங்கீகாரம். தற்காலிகம் என்றதும் பயந்துவிட வேண்டாம். புதிய படிப்பு எதுவும் அங்கிருந்துதான் தொடங்கும். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போது கல்லூரி முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும். ஆகவே, முதல் அணி எப்போது படித்து முடித்தது என்று கேளுங்கள். இரண்டு மூன்று அணிகள் வெளியேறிய பின்பும் தற்காலிகமாகவே இருந்தால், அதற்குக் காரணம் இருக்கும்.

மோட்டார் பழுதுபார்ப்பு, மின்கம்பி வேலை, சிகை அலங்காரம் போன்ற கைத்தொழில் பயிற்சிகளுக்கு வழி வேறு. அவை திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே.யின் கீழ் வருகின்றன. எஸ்.கே.எம். என்ற திறன் சான்றிதழ் மூன்று நிலை, நான்காவது டி.கே.எம். என்ற திறன் டிப்ளமோ, ஐந்தாவது டி.எல்.கே.எம். என்ற உயர் டிப்ளமோ. நிலையத்துக்கு எந்தத் தொழிலில், எந்த நிலை வரை அனுமதி என்பதைக் கேட்காமல் சேர்ப்பது தவறு. சில இடங்களில் இரண்டாம் நிலை வரைதான் அனுமதி இருக்கும். விளம்பரத்தில் ‘டிப்ளமோ வரை’ என்று போட்டிருப்பார்கள். ‘எக்ஸிக்யூட்டிவ் டிப்ளமோ’ என்ற பெயரிலும் மயங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை பதிவேட்டில் இல்லாத குறுகிய காலப் பயிற்சிகள். அதைக் காட்டி மேற்படிப்புக்குப் போக முயன்றால் கதவு திறக்காது.

டிப்ளமோவுக்கு எஸ்.பி.எம்.மில் குறைந்தது 3 பாடங்களில் கிரெடிட் எனும் நல்ல தேர்ச்சி தேவை என்பது பொது விதி. வேறு சான்றிதழ் எதுவும் இல்லாத பிள்ளையிடம், “கிரெடிட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நேரே டிப்ளமோ” என்று ஒருவர் சொன்னால், அந்த டிப்ளமோ எதுவென்று விசாரியுங்கள். தாதியர் படிப்பானால் எம்.கியூ.ஏ. மட்டும் போதாது, தாதியர் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும்.

சனிக்கிழமை நடக்கும் ‘திறந்த நாளில்’ போய்ப் பார்த்துவிட்டு வருவது எதையும் பார்க்காததற்குச் சமம். அன்று பலூன் கட்டியிருப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சொல்லாமல் போங்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்காக ஒரு மோட்டார் பயிற்சி நிலையத்துக்கு அப்படிப் போனேன். பட்டறையில் ஒரே ஓர் இன்ஜின், அதன் மேல் மேசை விரிப்பு, விரிப்பின் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. ஸ்பேனர்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின; ஒன்றில்கூட எண்ணெய்க் கறை இல்லை. வகுப்பில் நால்வர் இருந்தார்கள், ஆசிரியர் வரவில்லை.

‘இன்றே கடைசி நாள்’ என்ற அவசரத்துக்கும் கணக்கு உண்டு. அரசுக் கல்வி நிலையங்களுக்கான யு.பி.யு. என்ற பொது விண்ணப்பத்தின் முடிவு வருவதற்குள் பிள்ளையைக் கட்டிப்போட வேண்டும் அல்லவா? 1969இல் தொடங்கிய உங்கு ஒமார் பாலிடெக்னிக் நமக்கு அருகிலேயே ஈப்போவில் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்காமலே தனியாரிடம் ஓடுவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

இனிக் கட்டணம். மாதக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். தேர்வு, சீருடை, விடுதி, ‘இலவச’ மடிக்கணினி எல்லாம் சேர்த்துப் படிப்பு முடியும்வரை மொத்தம் எவ்வளவு, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் இருக்கிறதே, கவலை எதற்கு என்பார்கள். அது பிள்ளையின் பெயரில் ஏறும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த ஊர்க்காரரும் அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். ரசீதை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த தலைமுறை அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் முகவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த ‘நன்றி’யை ரசீது என்று என்னிடம் காட்டுகிறார்கள்.

என் தங்கை 500 வெள்ளி கட்டியிருந்தாள். அவளிடம் ரசீது இருந்தது, கல்லூரி முத்திரையோடு. அதைக் கொண்டுபோய் முகப்பில் நீட்டியபோது, அந்தப் பெண் புரட்டிப் பார்த்து, பின்பக்கத்தில் இருந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் படிக்கும் அளவுக்குப் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.