கொயர் சொப்ரானோ ஆப்பரா வேடம் பழகுவது எப்படி?

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் சர்ச் கொயரில் பாமாலையை நாலு குரலில் பாடி வளர்ந்த சொப்ரானோக்களுக்கு, அதாவது மேல் குரல் பாடும் பெண்களுக்கு, காது திருத்தமாக இருக்கும். ஆப்பராவுக்கு, அதாவது பாடியே நடிக்கும் மேடை நாடகத்துக்கு, அது நல்ல அஸ்திவாரம். சோல்ஃபா (டோ-ரே-மி எழுத்து முறை) மட்டும் தெரிந்தவர்கள் முதலில் ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் ஸ்வரம் எழுதும் முறை) படியுங்கள். ஆப்பரா ஸ்கோர் எல்லாம் அதில்தான் இருக்கும்.

கொயரில் குரல் மற்றவர்களோடு கலக்க வேண்டும். ஆப்பராவிலோ மைக் இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டித் தனியாகக் கேட்க வேண்டும். ஹேண்டலின் 'மெசாயா'வில் வரும் 'ஐ நோ தட் மை ரிடீமர் லிவெத்' இரண்டுக்கும் நடுவில் நல்ல பாலம். உச்சம் மேல் ஜி ஷார்ப்தான்; ஆனால் நீண்ட வரிகளுக்கு மூச்சைப் பங்கிட்டே ஆக வேண்டும்.

வேடத்தை உச்ச ஸ்வரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாட்டு அதிக நேரம் எந்த ஸ்வரங்களில் நிற்கிறது என்று ஸ்கோரில் பாருங்கள். தொட்டுவிட்டு இறங்கும் ஒரு மேல் சி-யைவிட, பக்கம் பக்கமாக எஃப், ஜி-யிலேயே நிற்கும் பாட்டுதான் தொண்டையை வாங்கும். மொசார்ட்டின் 'ஃபிகாரோ'வில் (1786) ஊசியைத் தேடிப் பாடும் பார்பரினா தொடக்கத்துக்குப் போதும். அதே நாடகத்து சுசன்னா நாலு அங்கத்திலும் ஓயாமல் வருகிறாள். கடைசி அங்கத்தில் அவளுடைய தனிப்பாட்டு மிடில் சி-க்கும் கீழே ஏ வரை இறங்கும். அங்கே நெஞ்சுக் குரலை அமுக்கினால் மேலே ஏறும்போது குரல் உடையும். மொசார்ட்டின் இன்னொரு ஆப்பராவான 'மாயப் புல்லாங்குழல்' இரவு ராணிக்கு மேல் சி-யையும் தாண்டி எஃப் வேண்டும். அது எல்லோருக்கும் வாய்க்காது. புச்சீனியின் தோஸ்கா, பட்டர்ஃப்ளை இரண்டும் கனத்த ஆர்க்கெஸ்ட்ராவை எதிர்த்துப் பாடும் வேடங்கள். இருபது வயதில் தொடவே வேண்டாம்.

பழகும் வரிசை இது: சொல்லுக்குச் சொல் அர்த்தம் எழுதுங்கள். தாளத்தோடு பேசிப் பாருங்கள். பிறகு உயிரெழுத்தை மட்டும் வைத்துப் பாடுங்கள். கடைசியில்தான் முழு வரி. மேல் எஃப் (மேல் சி-க்குக் கீழே இருப்பது) ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸ். 'ஈ', 'ஊ' சொல்லும்போது வாயறையின் முதல் ஒத்திசைவு (வாயறை தானே வலுப்படுத்தும் சுருதி) 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே சுத்தமான 'ஈ'-க்குப் பிடிவாதம் பிடித்தால் குரல் மெலிந்து தொண்டை இறுகும். தாடையை இறக்கி 'எ' பக்கம் சாயவிடுங்கள்.

இத்தாலியன் நமக்குப் பாதி வசப்பட்ட மொழி. 'பத்து', 'அம்மா' என்று இரட்டை மெய்யை அழுத்திச் சொல்லிப் பழகிய நாக்கு நம்முடையது. அவர்களுடைய 't' நம் 'த'தான், 'ட' அல்ல. அதனால்தான் மேலே 'தோஸ்கா' என்று எழுதியிருக்கிறோம். மெய்யில் முடியும் ஜெர்மன் சொற்களில்தான் கவனம் வேண்டும்: 'நஹ்ட்' (Nacht, இரவு) நம் வாயில் 'நஹ்ட்டு' ஆகிவிடும். பதிவு செய்து கேட்டால் அந்த 'உ' உடனே மாட்டும்.

முறையான பயிற்சிக்குச் சென்னையில் 2008-இல் தொடங்கிய கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது. இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு தேறுவது நல்லதுதான், ஆனால் அது மேடைக்கான சீட்டு அல்ல. ஆடிஷனுக்குப் பல மொழிகளில் ஐந்து ஆரியா (ஆப்பராவின் தனிப்பாட்டு) தயாராக வையுங்கள். பெரும்பாலும் முதல் பாட்டு உங்கள் விருப்பம், அடுத்தது அவர்கள் கேட்பது. அதனால் ஐந்தில் ஒன்றுகூட ஒப்புக்குச் சேர்த்ததாக இருக்கக் கூடாது. கோரஸ், சிறு வேடம், முதன்மைப் பாடகிக்கு மாற்றாக நிற்பது என்றுதான் படி ஏற முடியும்.

டிசம்பரில் ஆடிஷனோ பதிவோ வைக்காதீர்கள். கேரல் ரவுண்ட்ஸில் இரவெல்லாம் பனியில் கத்திப் பாடிய குரல் தெளிய நாளாகும். ரவுண்ட்ஸுக்குப் போயே ஆக வேண்டுமென்றால் ஆல்ட்டோ (சொப்ரானோவுக்கு அடுத்த கீழ்க் குரல்) வரியைப் பாதிக் குரலில் பாடுங்கள்.