ரோமில் முதல் மூன்று நாள்: கூட்டமாகப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து இத்தாலி சுற்றக் கிளம்பினால் பயணம் பெரும்பாலும் ரோமில்தான் தொடங்கும். முதல் மூன்று நாளில் பாதி அங்கேயே வீணாவதும் உண்டு. எல்லாரும் எங்கும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற பிடிவாதம்தான் பெரும்பாலும் காரணம். நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு நால்வரிலும் இணையம் உள்ள ஒரு போனும் ஒரு வங்கி அட்டையும் இருந்தால் போதும்.

இந்தக் கணக்கு விமான நிலையத்திலேயே உதவும். ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்கு லியனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் போகும். ஆளுக்கு 14 யூரோ. பழைய ரோமைச் சுற்றிய அவுரேலியன் மதிலுக்குள் எங்கே இறங்கினாலும் வெள்ளை டாக்ஸிக்கு 55 யூரோ என்பது 2024-இல் நகராட்சி வைத்த நிலைக் கட்டணம். பெட்டிகளும் அதில் அடக்கம், நான்கு பேர் ஏறலாம். பன்னிரண்டு பேருக்கு ரயில் 168 யூரோ, மூன்று டாக்ஸி 165. டாக்ஸி வாசலிலேயே இறக்கிவிடும். கருங்கல் பாவிய தெருக்களில் பெட்டியை இழுத்துச் சக்கரத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம். விடுதி வாட்டிகனை ஒட்டிய பிராத்தி போல மதிலுக்கு வெளியே இருந்தால், ஏறும் முன்பே கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறங்கிய நாளுக்கே, குறிப்பிட்ட நேரத்தில் நுழைய வேண்டிய இடங்களுக்கு டிக்கெட் எடுப்பது அடுத்த தவறு. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையில் புதிய பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் முறை நுழைபவர்களின் முகத்தைப் படமெடுத்துப் பதிவு செய்கிறார்கள். வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று நடை மட்டும் போதும்.

விடுதியில் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்கு அனுப்புவது அங்கே சட்டம். ஒருவர் மட்டும் முன்னால் போய் எல்லா அறைச் சாவியையும் வாங்கிவிடலாம் என்பது நடக்காது. முன்பே கட்டிய அறை வாடகையில் பெரும்பாலும் சேராத நகர வரி ஒன்றும் உண்டு. மூன்று நட்சத்திர விடுதியில் ஆளுக்கு ஓர் இரவு 6 யூரோ. பத்து வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்குக் கிடையாது. பன்னிரண்டு பேர் மூன்று இரவு என்றால் 216 யூரோ. பொதுச் செலவில் இதை முதலிலேயே எழுதிவைக்காத குழுவில் கடைசி நாள் காலை வாக்குவாதம் நிச்சயம்.

அதிகம் பேர் அடிபடுவது கொலோசியம் வாசலில். 2023 முதல் அங்கே டிக்கெட்டில் பெயர் அச்சாகிறது, அடையாள அட்டையோடு ஒத்துப் பார்க்கிறார்கள். தமிழர்களுக்கு இங்கே தனிச் சிக்கல்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், முன்பதிவு செய்தவரோ இனிஷியல் மட்டும் போட்டிருப்பார். வாட்ஸ்அப்பில் பெயர் கேட்காதீர்கள், பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். ஒருவர் வராவிட்டால் அவர் டிக்கெட்டில் இன்னொருவர் போவதும் முடியாது.

வாட்டிகனில் தவறுவது கிழமை. அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், அதுவும் இலவசம்; அன்று கூட்டம் தாங்காது. புதன் காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு சதுக்கத்தில் நடந்தால், புனித பேதுரு பேராலயத்துக்குள் பிற்பகலில்தான் விடுவார்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். "வாட்டிகனில் சந்திப்போம்" என்று பிரிந்து போகாதீர்கள்: அருங்காட்சியக வாசலும் பேராலய வரிசையும் வாட்டிகன் மதிலைச் சுற்றி கால் மணி நேர நடை.

இந்தியாவிலிருந்து நேராக வருபவர்களுக்குக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். விடியலுக்கு முன்பே விழிப்பு வரும். அதோடு மல்லுக்கு நிற்காமல் ஆறு மணிக்கே ட்ரெவி நீரூற்றுக்கு நடந்துவிடுங்கள். பத்து மணிக்கு அங்கே கால் வைக்க இடம் இராது. சாப்பாட்டில்தான் இந்த வித்தியாசம் சோதிக்கும். நல்ல உணவகங்கள் இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். அப்போது உங்கள் உடம்புக்குக் கோடையில் மணி பதினொன்று, குளிர்காலத்தில் பன்னிரண்டு. மாலை ஐந்துக்குத் துண்டு பீட்சா ஒன்று உள்ளே போனால் தாங்கும். பன்னிரண்டு பேருக்கு ஒரே மேசை கேட்டு அலையாதீர்கள், நால்வர் மேசை மூன்று சுலபமாகக் கிடைக்கும். பில்லையும் மேசைக்கு ஒன்றாக முடிக்கலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் உணவின் பெயரைப் பார்த்து நம்பக் கூடாது. கார்பொனாரா, அமத்ரிச்சானா என்ற இரண்டு பாஸ்தாக்களிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி உண்டு. புன்தரெல்லே பச்சைக் கீரைதான், ஆனால் அரைத்த நெத்திலி வகை மீனில் பிசறித் தருவார்கள். சுப்ளி என்ற பொரித்த சோற்று உருண்டைக்குள் பல கடைகளில் கொத்துக்கறி இருக்கும். பாலாடைக்கட்டியும் மிளகும் சேர்த்த காச்சோ எ பெபே பாஸ்தாவில் இறைச்சி இல்லை. ஆனால் அதில் சேரும் பெகோரினோ பாலாடைக்கட்டியை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதி. கறாரான சைவருக்குத் தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட மரினாரா பீட்சாவே நிம்மதி.

மெட்ரோவில் ஒரே அட்டையைத் தட்டித் தட்டி எல்லாரையும் உள்ளே அனுப்ப முடியாது. ஆளுக்கு ஓர் அட்டை அல்லது ஒரு டிக்கெட். சாதாரண டிக்கெட் 100 நிமிடம் செல்லும், ஆனால் மெட்ரோவில் ஒரு பயணம்தான். டெர்மினியிலிருந்து வாட்டிகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்தில் ஜேப்படி பிரபலம். முதுகுப் பையை முன்னால் மாட்டுங்கள்.

மூன்றாம் நாள் வேறு ஊருக்கு ரயில் பிடிப்பதாக இருந்தால் வேலைநிறுத்த அறிவிப்பைப் பாருங்கள். இத்தாலியில் அது அடிக்கடி வரும், முன்கூட்டியே தேதி சொல்லிவிடுவார்கள். வார நாட்களில் வேலைநிறுத்தம் என்றாலும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உத்தரவாதம் உள்ள வட்டார ரயில்கள் ஓடும். பெட்டிகளோடு அந்த நேரத்துக்குள் நடைமேடையில் இருங்கள்.